பாலிமரைப் பார்த்து மோனோமரைச் சொல்வது எப்படி?

மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அது பாலிமர். அப்படி ஒரு சங்கிலியை வரைந்து, இரு முனையிலும் சதுர அடைப்பைப் போட்டு, "இது எந்த மோனோமரிலிருந்து வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் செய்வது, மனப்பாடம் செய்த அட்டவணையை மனத்துக்குள் புரட்டுவதுதான். பாலித்தீன் என்றால் எத்திலீன், டெஃப்லான் என்றால் டெட்ராஃபுளூரோஎத்திலீன், நைலான் என்றால்... இங்கேயே பலருக்குத் தடுமாற்றம் வந்துவிடும். பெயர் தெரிந்திருக்கும்வரை அட்டவணை கைகொடுக்கும். பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் நீட்டினால் அது உதவாது.

அட்டவணை இல்லாமலேயே இதைச் செய்யலாம். சங்கிலியை எங்கே வெட்டுவது, வெட்டிய முனைகளை எதைக் கொண்டு மூடுவது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். வெட்டுவது எளிது. பெரும்பாலான தவறுகள் மூடும் இடத்தில்தான் நடக்கின்றன.

பாடநூலுக்குப் பாடநூல் சொல் மாறும். பலபடி, ஒற்றைப்படி என்றும் பல்பகுதியம், ஒருபகுதியம் என்றும் எழுதுவார்கள். இங்கே பாலிமர், மோனோமர் என்றே வைத்துக்கொள்கிறேன். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டமைப்புகளைச் சொற்களால்தான் சொல்லப்போகிறேன், நீங்கள் வரைந்துகொண்டே வர வேண்டும். படித்துவிட்டு மட்டும் போனால் இந்தப் பாடம் ஒட்டாது.

தொடங்குமுன்

கார்பனுக்கு நான்கு பிணைப்பு, நைட்ரஜனுக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு, ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் ஃபுளூரினுக்கும் ஒன்று. இந்தக் கணக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். கடைசியில் விடையைச் சரிபார்க்கப் போவதும் இதை வைத்துத்தான்.

நான்கு சொற்களை அடிக்கடி பயன்படுத்துவேன். இரண்டு ஹைட்ரஜன் உள்ள சங்கிலிக் கார்பன் மெத்திலீன். ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன் கார்பனைல். கார்பனைலை ஒட்டி ஓர் ஆக்சிஜன் வந்து அதற்கு அப்பால் கார்பன் தொடர்ந்தால் அது எஸ்டர். ஆக்சிஜன் இடத்தில் நைட்ரஜன் வந்தால் அமைடு.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். அடைப்புக்குள் இருக்கும் துண்டு, சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் மீள் அலகு, அது மோனோமர் அல்ல. பாலித்தீனின் அலகில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, எத்திலீனில் உண்டு. நைலான் 6,6-இன் ஓர் அலகுக்குள் இரண்டு மோனோமர்கள் ஒளிந்திருக்கின்றன. அடைப்பை அழித்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விடையாக எழுதினால் அநேகமாக எப்போதுமே தவறுதான்.

முதல் வேலை: அலகை இரண்டு முறை வரையுங்கள்

இதைச் சோம்பலால் தவிர்ப்பவர்களே அதிகம். அடைப்பை எங்கே தொடங்குவது என்பது வரைந்தவரின் விருப்பம். அது இயற்கை போட்ட கோடு அல்ல. சில சமயம் அடைப்பு சரியாக ஓர் எஸ்டரின் நடுவிலேயே விழுந்திருக்கும். இடது முனையில் தனியாக ஓர் ஆக்சிஜனும் வலது முனையில் ஒரு கார்பனைலும் நிற்கும். இரண்டு அலகுகளை அடுத்தடுத்து வரைந்தால்தான் வலது கார்பனைலும் அடுத்த அலகின் இடது ஆக்சிஜனும் கைகோர்ப்பது கண்ணுக்குத் தெரியும்.

வரைந்ததும் ஒரு முனையில் பென்சிலை வைத்து, தூக்காமல் மறுமுனைவரை இழுத்துச் செல்லுங்கள். பென்சில் போன பாதைதான் முதன்மைச் சங்கிலி. வழியில் தொங்கிக்கொண்டிருந்தவை எல்லாம் பக்கத் தொகுதிகள். பென்சீன் வளையத்தின் வழியாகவே போக வேண்டியிருந்தால் அந்த வளையமும் சங்கிலியின் பகுதி. வளையம் ஓரமாகத் தொங்கினால் அது வெறும் பக்கத் தொகுதி.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பென்சில் போன பாதையில் கார்பன் மட்டும்தான் இருந்ததா, ஆக்சிஜனோ நைட்ரஜனோ குறுக்கிட்டதா? மீதி எல்லாம் இந்த விடையைப் பொறுத்தது.

கார்பன் மட்டும், இரட்டைப் பிணைப்பு இல்லை

இது எளிய வகை, சேர்ப்பு முறையில் உருவான பாலிமர். சங்கிலியை இரண்டிரண்டு கார்பன்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு சோடியிலும் இரு முனையிலும் ஒவ்வொரு பிணைப்பு அந்தரத்தில் நிற்கும். அந்த இரண்டையும் எடுத்து, இரு கார்பன்களுக்கும் நடுவில் இரண்டாவது பிணைப்பாகப் போடுங்கள். வெளியிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது, எதையும் கழிக்கவும் கூடாது. பக்கத் தொகுதிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றுவிட்டு ஒன்று குளோரின் தொங்கும் சங்கிலியை இப்படி வெட்டினால் வினைல் குளோரைடு கிடைக்கும். பென்சீன் வளையம் தொங்கினால் ஸ்டைரீன். மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) தொங்கினால் புரோப்பிலீன். மூன்று கார்பன் நேர்வரிசையில் இருக்கும் என்று நினைத்துச் சங்கிலியை மூன்று மூன்றாக வெட்டுகிறவர்கள் உண்டு, மெத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைப் பென்சில் பாதை காட்டிவிடும்.

ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஃபுளூரின் இருக்கும் சங்கிலியில் மீண்டும் மீண்டும் வரும் மிகச் சிறிய துண்டு ஒரே ஒரு கார்பன்தான். அதற்காக ஒரு கார்பனை மோனோமராக எழுத முடியாது, இரட்டைப் பிணைப்புக்கு இரண்டு கார்பன் வேண்டும். எனவே டெட்ராஃபுளூரோஎத்திலீன். 1938-இல் ராய் பிளங்கெட் இந்த வாயுவை நிரப்பி வைத்திருந்த உருளையைத் திறந்தபோது வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருந்தது. உருளையை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். எதையும் சேர்க்காமல், எதையும் கழிக்காமல் மோனோமர் அப்படியே பாலிமராகிவிட்டது. எடை குறையாததன் காரணம் அதுதான். சேர்ப்பு முறை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த வகையில் உண்மையான பொறி வேறொன்று. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டின் படத்தைப் பார்த்தவுடன் எஸ்டர் கண்ணில் படும். எஸ்டரைக் கண்டதும் வெட்டுகிற பழக்கம் வந்தவர்கள் அங்கே கத்தியை வைத்துவிடுவார்கள். அந்த எஸ்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது, சங்கிலியில் இல்லை. தொங்குவதை வெட்டினால் சங்கிலி அறுபடாது. எனவே அதைத் தொடாமல் விட்டு, சங்கிலிக் கார்பன்களைச் சோடி சோடியாகப் பிரித்தால் மெத்தில் மெத்தாக்ரிலேட் வந்து நிற்கும்.

எஸ்டர் எந்தப் பக்கமாகத் தொங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சங்கிலிக் கார்பனோடு கார்பனைல் ஒட்டியிருந்தால் மோனோமர் மெத்தில் அக்ரிலேட், ஆக்சிஜன் ஒட்டியிருந்தால் வினைல் அசிடேட். இரண்டுக்கும் நான்கு கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். மூலக்கூறு எடையும் ஒன்றே, 86. அணுக்களை எண்ணி இவற்றை வேறுபடுத்த முடியாது, படத்தைப் பார்த்துத்தான் முடியும்.

கார்பன் மட்டும், நடுவில் இரட்டைப் பிணைப்பு

சங்கிலிக்குள்ளேயே இரட்டைப் பிணைப்பு தெரிந்தால் சோடி வெட்டு உதவாது. அந்த இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களோடு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று சேர்த்து நான்கு கார்பன் துண்டாக வெட்டுங்கள். முனையில் அந்தரத்தில் நிற்கும் பிணைப்பு ஒவ்வொன்றையும் உள்நோக்கி மடக்கினால் ஒன்றாவது, இரண்டாவது கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பும் மூன்றாவது, நான்காவது கார்பன்களுக்கு நடுவே இன்னொன்றும் வரும். நடுவில் இருந்த இரட்டைப் பிணைப்பு ஒற்றையாகிவிடும். அதை அப்படியே விட்டுவிட்டால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன கணக்கு உங்களைத் தடுத்து நிறுத்தும் இடம் இது.

இயற்கை ரப்பரை இப்படி வெட்டினால் ஐசோப்பிரீன், அதாவது 2-மெத்தில்-1,3-பியூட்டாடையீன். மெத்திலின் இடத்தில் குளோரின் இருந்தால் குளோரோப்பிரீன், அதன் பாலிமர் நியோப்பிரீன். இயற்கை ரப்பரில் இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய அமைப்பு சிஸ் (சங்கிலி இரு புறமும் ஒரே பக்கமாகப் போகும்), கட்டாப்பெர்ச்சா என்ற மரப்பால் பொருளில் டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கமாகப் போகும்). ஒன்று இழுபடும், மற்றது விறைப்பானது. மோனோமரைக் கேட்டால் காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே விடைதான்.

இரண்டு மோனோமர்கள் கலந்த சங்கிலிகளும் இதே குடும்பம்தான். விதி இது: முதலில் இரட்டைப் பிணைப்புகளைத் தேடி நான்கு நான்காக எடுத்துவிடுங்கள், மிச்சத்தைச் சோடி சோடியாகப் பிரியுங்கள். மிச்சத்தில் ஒற்றைக் கார்பன் தனித்து நின்றால் வெட்டு எங்கோ தவறிவிட்டது. ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பரின் ஆறு கார்பன் அலகு இந்த விதிக்குச் சுலபமாகப் பிரிந்துவிடும், வரைந்து பாருங்கள்.

ஆக்சிஜனோ நைட்ரஜனோ குறுக்கிட்டால்

இப்போது குறுக்க முறை. மோனோமர்கள் இணையும்போது ஒவ்வோர் இணைப்புக்கும் பெரும்பாலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியிருக்கும். பின்னோக்கிப் போகும்போது அந்த நீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார்பனைலுக்கும் அதை ஒட்டிய ஆக்சிஜனுக்கும் (அமைடானால் நைட்ரஜனுக்கும்) நடுவே வெட்டுங்கள். கார்பனைல் பக்கத்துக்கு ஹைட்ராக்சிலை (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியை) கொடுங்கள், அது கார்பாக்சிலிக் அமிலமாகும். மறுபக்கத்துக்கு ஹைட்ரஜனைக் கொடுங்கள், அது ஆல்கஹாலோ அமீனோ ஆகும்.

"ஆக்சிஜனுக்கு அந்தப் பக்கம் வெட்டினால் என்ன?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. எஸ்டரில் அங்கே வெட்டி, ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜனையும் மறுபக்கக் கார்பனுக்கு ஹைட்ராக்சிலையும் கொடுத்தாலும் அதே அமிலமும் அதே ஆல்கஹாலும்தான் வரும். காகிதத்தில் தப்பித்துவிடுவீர்கள். ஆனால் அதே பழக்கத்தை அமைடுக்குக் கொண்டுபோனால் அமைடு ஒன்றும் ஆல்கஹால் ஒன்றும் கிடைக்கும், விடை கெட்டுவிடும். ஆகவே எப்போதும் கார்பனைலை ஒட்டியே வெட்டுங்கள்.

பாட்டில்களிலும் துணி இழைகளிலும் இருக்கும் பெட் என்னும் பாலிமரை எடுத்துக்கொள்வோம். 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கியது. அலகை இப்படி வரையுங்கள்: ஆக்சிஜன், மெத்திலீன், மெத்திலீன், ஆக்சிஜன், கார்பனைல், பென்சீன் வளையம், கார்பனைல். ஒரே அலகைப் பார்த்தால் ஓர் எஸ்டர்தான் தெரியும். இரண்டு அலகு வரைந்தால் அடைப்பின் ஓரத்தில் ஒளிந்திருந்த இரண்டாவது எஸ்டரும் தெரியும். இரண்டையும் வெட்டி மூடினால் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் அமிலம் உள்ள டெரிப்தாலிக் அமிலம் ஒருபுறம், எத்திலீன் கிளைக்கால் மறுபுறம். சரிபார்ப்போமா? இவற்றின் மூலக்கூறு எடைகள் 166-உம் 62-உம் சேர்ந்தால் 228. இரண்டு நீருக்கு 36 கழித்தால் 192. அடைப்புக்குள் இருந்த அணுக்களைக் கூட்டிப் பாருங்கள், அதே 192 வரும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஹைட்ராக்சிலை மறந்தவர்களை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நைலான்கள்

இவற்றில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். 1935-இல் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்குழு உருவாக்கிய நைலான் 6,6-இன் அலகு: நைட்ரஜன், ஆறு மெத்திலீன், நைட்ரஜன், கார்பனைல், நான்கு மெத்திலீன், கார்பனைல். ஒவ்வொரு நைட்ரஜனிலும் ஒரு ஹைட்ரஜன் உண்டு. வெட்டி மூடினால் ஹெக்சாமெத்திலீன்டையமீனும் அடிப்பிக் அமிலமும். பெயரிலுள்ள முதல் எண் டையமீனின் கார்பன்கள், இரண்டாவது எண் அமிலத்தின் கார்பன்கள். அமிலத்தில் நான்கு மெத்திலீன்தானே, ஆறு எப்படி வந்தது என்றால், இரண்டு கார்பனைல்களும் கார்பன்கள்தான். அவற்றை எண்ணாமல் விடுவதுதான் இந்தப் பகுதியில் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு.

அடுத்தது நைலான் 6. நைட்ரஜன், ஐந்து மெத்திலீன், கார்பனைல், அவ்வளவுதான். இதை வெட்டினால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வரும்: ஒரு முனையில் அமீன், மறுமுனையில் அமிலம். எனவே மோனோமர் ஒன்றுதான், 6-அமினோஹெக்சனாயிக் அமிலம்.

நைலான் 6-இன் இரண்டு அலகுகளைச் சேர்த்தால் வரும் அணுக்களும் நைலான் 6,6-இன் ஓர் அலகிலுள்ள அணுக்களும் எண்ணிக்கையில் ஒன்றே. 113-ஐ இரண்டால் பெருக்கினால் 226, அங்கேயும் 226. வித்தியாசம் அமைடுகள் பார்க்கும் திசையில் இருக்கிறது. நைலான் 6-இல் எல்லா அமைடுகளும் ஒரே பக்கம் பார்த்து வரிசையில் நிற்கும். 6,6-இல் ஒன்று இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தது அந்தப் பக்கம் பார்க்கும். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே வகை என்றால் மோனோமர்கள் இரண்டு, வெவ்வேறு வகை என்றால் ஒன்றாக இருக்கலாம்.

1938-இல் பால் ஷ்லாக் நைலான் 6-ஐ உருவாக்கியது அமினோ அமிலத்திலிருந்து அல்ல, காப்ரோலாக்டம் என்ற வளையத்திலிருந்து. அதே மூலக்கூறு தன் வாலைத் தானே கவ்வி, ஒரு நீரை முன்கூட்டியே இழந்த வடிவம் அது. வளையம் திறந்து சங்கிலியாகும்போது நீர் எதுவும் வெளியேறாது. இப்படி ஒரே பாலிமருக்கு இரண்டு நியாயமான விடைகள் இருக்கும்போது கேள்வியின் சொற்களைக் கூர்ந்து படியுங்கள். "நீராற்பகுத்தால் (நீரைச் சேர்த்து உடைத்தால்) என்ன கிடைக்கும்" என்றால் அமினோ அமிலம். "வளையத் திறப்பு" என்றாலோ எதுவும் வெளியேறவில்லை என்றாலோ காப்ரோலாக்டம். ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறியது என்று சொல்லியிருந்தால் அமிலத்தின் ஹைட்ராக்சில் இடத்தில் குளோரினைப் போடுங்கள். குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் கெவ்லார் இழையின் கதை அதுதான்.

விதிக்கு அடங்காதவை

யூரித்தேனில் கார்பனைலின் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். அமைடு என்று நினைத்து நைட்ரஜன் பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிஜன் பக்கம் வெட்டி, நைட்ரஜனிலுள்ள ஹைட்ரஜனை அந்த ஆக்சிஜனுக்குக் கொடுங்கள். ஒரு பக்கம் ஆல்கஹால், மறுபக்கம் ஐசோசயனேட். நீருக்கு இங்கே வேலையே இல்லை.

கார்பனைலின் இரு பக்கமும் ஆக்சிஜன் என்றால் பாலிகார்பனேட். நன்கறிந்த உதாரணத்தில் மோனோமர்கள் பிஸ்ஃபீனால்-ஏ, பாஸ்ஜீன். பென்சீன் வளையங்களுக்கு நடுவே ஒரேயொரு மெத்திலீன் பாலம்போல் வந்து, வளையத்தில் ஹைட்ராக்சில் தொங்கினால் அந்த மெத்திலீன் ஃபார்மால்டிஹைடிலிருந்து வந்தது, வளையம் ஃபீனால். பேக்கலைட் இப்படித்தான். பாதையில் கார்பன் மட்டும்தான் என்று சோடி வெட்டுக்குப் போய்விடாதீர்கள், பென்சீன் வளையத்தை ஒருபோதும் உடைக்கக் கூடாது.

பாலிவினைல் ஆல்கஹால் தனி ரகம். சோடி வெட்டு வினைல் ஆல்கஹால் என்று சொல்லும், முறைப்படி அது சரி. ஆனால் வினைல் ஆல்கஹால் நிலையில்லாதது, அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். அதைப் பிடித்து வைத்துச் சங்கிலி கோக்க முடியாது. அதனால் வினைல் அசிடேட்டைப் பாலிமராக்கி, பிறகு தொங்கும் எஸ்டரை உடைத்து ஹைட்ராக்சிலாக்குகிறார்கள். படம் சொல்லும் மோனோமரும் தொழிற்சாலைக்குள் போகும் மோனோமரும் எப்போதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கையில் எடுத்துப் பார்க்க மூன்று

ஒன்று. அலகு: ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜனும் ஒரு மெத்திலும் உள்ள கார்பன், கார்பனைல். இரண்டு அலகு வரைந்தால் எஸ்டர் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி. விடை லாக்டிக் அமிலம்: 90-இலிருந்து 18 போக 72, அலகின் எடையும் 72.

இரண்டு. அலகு: மெத்திலீன், மெத்திலீன், ஒரு ஹைட்ரஜனும் ஒரு சயனோ தொகுதியும் (நைட்ரஜனோடு மும்மைப் பிணைப்பில் உள்ள கார்பன்) தொங்கும் கார்பன், மெத்திலீன், பிறகு இரட்டைப் பிணைப்பில் இணைந்த இரண்டு கார்பன்கள். இடமிருந்து கண்ணை மூடிக்கொண்டு சோடி சோடியாக வெட்டியவருக்கு எத்திலீன், அக்ரிலோநைட்ரைல், அசிட்டிலீன் என்று மூன்று மோனோமர்கள் கிடைத்திருக்கும், மூன்றாகப் பிரித்ததே தவறு. இரண்டு அலகு வரைந்து, இரட்டைப் பிணைப்பின் இடப்பக்கம் ஒரு மெத்திலீனையும் வலப்பக்கம் அடுத்த அலகின் முதல் மெத்திலீனையும் சேர்த்து எடுத்தவருக்கு பியூட்டாடையீன் வந்திருக்கும். மிச்சம் ஒரே சோடி, அக்ரிலோநைட்ரைல். இது நைட்ரைல் ரப்பர்.

மூன்று. அலகு: நைட்ரஜன், நான்கு மெத்திலீன், நைட்ரஜன், கார்பனைல், நான்கு மெத்திலீன், கார்பனைல். மோனோமர்களையும் கண்டுபிடியுங்கள், இந்த நைலானின் எண்களையும் சொல்லுங்கள். 4,4 என்று எழுதியிருந்தால் நைலான் பகுதிக்கு ஒருமுறை திரும்பிப் போய்க் கார்பனைல்களை எண்ணிவிட்டு வாருங்கள். 1,4-டையமினோபியூட்டேனும் அடிப்பிக் அமிலமும் சேர்ந்த இது நைலான் 4,6.